சீனிப் போத்தலில் நான் ஊற்றியது

வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்த கொட்டாஞ்சேனை சேவியர் அண்ணன் காலமாகிவிட்டார். அவரை அறிந்த நீங்கள் அவருடைய பொறுமையைப் பேசுவீர்கள். எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான்.

மாப்பொருள் வாய்க்குள்ளேயே வெல்லமாக மாறத் தொடங்கும் என்று நான் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அவர் தன் செலவில் பாண் வாங்கிவந்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். "விழுங்காம மெல்லுங்க, தானா இனிக்கும்" என்பார். அந்தப் பாடத்தை யாரும் மறக்கவில்லை.

ஒருநாள் மேற்பார்வைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். குளுக்கோசு, பிரக்டோசு, சுக்குரோசு மூன்றையும் நீலநிறப் பெனடிக்ற் கரைசலோடு சூடாக்கிக் காட்டினேன். முதல் இரண்டும் செங்கட்டி நிறமாகும். சுக்குரோசு, அதாவது நம் வீட்டுச் சீனி, நீலமாகவே நிற்கும். அன்று அதுவும் சிவந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். "சேவியர் லேபலை மாத்தி ஒட்டிப்போட்டார்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் குனிந்து சோதனைக் குழாய்களை அடுக்கத் தொடங்கினார். அடுத்த வாரமே அதிபர் அவரை விளையாட்டுச் சாமான் அறைக்கு மாற்றினார். ஓய்வுபெறும்வரை பந்துக்குக் காற்றடித்தார்.

அன்று பின்னேரம் போத்தலைக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. முதல்நாள் சீனிக் கரைசலை அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து, குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரித்துக் காட்டியிருந்தேன். அமிலத்தை நடுநிலையாக்கிய பிறகு, வீணாக்குவானேன் என்று மிச்சத்தைச் சீனிப் போத்தலுக்குள்ளேயே ஊற்றிவைத்தவள் நான். எந்தப் பிள்ளை செய்திருந்தாலும் காதைத் திருகியிருப்பேன். நாளைக்கு அதிபரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவே இல்லை. பிறகு வழியில் அவரைக் கண்டால் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் நடந்துவிடுவேன். அவ்வளவு கோழை நான்.

செத்த வீட்டில் அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமில்லாமல்தான் கதைத்தாள்.

"நீங்க போத்தலுக்குள்ள ஊத்தினத அப்பா கண்டவராம், டீச்சர். டீச்சர் நல்லவ, தானாச் சொல்லுவா எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர்."

பெட்டிக்குள் கிடந்த அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதற்கு நான் தகுதியில்லை. ஆனாலும் அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் இப்போது சொல்கிறேன்: சேவியர் அண்ணன் ஒட்டிய லேபல்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. கரைசலைக் கெடுத்தவள் நான்.