பைற்றர் மீன் வாங்கப் போன நாள்

மகள் உயர்தரப் பரீட்சையில் சித்தியடையவில்லை. அன்றிலிருந்து அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எனக்கோ ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று வாங்கிவந்த இரண்டு தங்கமீன்களும் பத்து நாளில் செத்துவிட்டன. அதிகம் கவனிக்கத் தேவையில்லாத மீனாக வாங்கலாம் என்று அவளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக் கடைக்குப் போனேன்.

தங்கமீன்கள் செத்த கதையைச் சொன்னதும், "எத்தினை நாளைக்கு ஒருக்கால் தண்ணி மாத்தினனீங்கள், அக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஒவ்வொரு நாளும். சாப்பாடும் நாலைஞ்சு தரம் போட்டனான்."

"பாக்காமல் விட்டுச் சாகேல்லை, அக்கா. நீங்கள் ஓயாமல் பாத்துத்தான் செத்திருக்கு. இந்தப் பைற்றர் மீனைக் கொண்டுபோங்கோ. மற்ற மீனோடை சண்டை பிடிக்கும், தனிய ஒரு போத்திலிலயே இருக்கும். இதையும் கொஞ்சம் அதின்ரை பாட்டில விடுங்கோ."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. சாப்பிட்டாயா, என்ன யோசிக்கிறாய் என்று அவளை ஒரு நாளைக்கு எத்தனை தரம் துளைத்திருப்பேன் என்று நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மீன் பை அவள் மடியில் இருந்தது. வாய்வரை வந்த கேள்விகளை விழுங்கிக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அரியாலைக்குக் கிட்ட வந்தபோது அவளாகவே கதைத்தாள்.

"அம்மா, எனக்குத் திரும்பச் சோதினை எடுக்க விருப்பமில்லை. தையல் படிக்கப் போறன்."

"ஓம் பிள்ளை, மிச்சத்தையும் சொல்லு," என்றேன்.

இன்றும் நான் படபடப்புக்காரிதான். ஆனாலும் பிள்ளை வளர்ப்பில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது எது என்று கேட்டால், பஸ்ஸில் பேசாமல் இருந்த அந்தப் பத்து நிமிடங்களைத்தான் சொல்வேன்.