மாம்பழ நிறப் புடவை

இதை நான் இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். என் அக்கா பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டாள். மற்றவர் காசியம்மா. அவர் இப்போது உயிரோடு இல்லை. இரண்டு பேருமே நான் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. நேரங்களைக்கூட என்னால் சரியாகச் சொல்ல முடியும். அன்று முழுக்க நான் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1983 பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை. தை அமாவாசைக்கு மறுநாள்.

என் பெயர் அமுதம். என் கணவர் கைலாசநாதன் காரைக்காலில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியர். வருஷத்துக்கு ஒரு தடவை, தெரிந்த குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு பஸ்ஸை அமர்த்தி, சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருக்கும் சோழர் காலத்துக் கோயில்களைக் காட்டக் கூட்டிப்போவார். கல்வெட்டை விரலால் தடவித் தடவிப் படிப்பார். எந்தக் கல் முதலில் வைத்தது, எது பிற்பாடு வைத்தது என்று சொல்வார். ஜனங்கள் அப்படி ரசித்துக் கேட்பார்கள்.

நான் ஒருமுறைகூடப் போனதில்லை. கல்யாணமான புதிதில் எனக்கும் சொல்லிப் பார்த்தார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார். "அமுதம், இதக் கேளேன்" என்பார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே "ம்" கொட்டுவேன். ஒரு நாள் "ம்" கொட்டவும் மறந்துவிட்டேன். அவர் நோட்டை மூடிவிட்டார். அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவர் என்னிடம் கோயிலைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த வருஷம் நான் போனதற்குக் காரணம், எதிர்வீட்டு ராசாத்தி சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தை. "சார் பேசுறதக் கேக்கறதுக்குன்னே பொம்பளைங்க முன்னாடி முன்னாடி வந்து நிக்கிறாங்களாமே."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. "நானும் வரேங்க" என்றேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். சந்தோஷப்பட்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அப்போது, மாட்டிக்கொண்டது போல விழிக்கிறார் என்று நினைத்தேன்.

காலை 7.10க்கு பஸ் கிளம்பியது. எங்களோடு சேர்த்து இருபத்தாறு பேர். டிரைவர் பீர் மைதீன், ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். என் பக்கத்தில் காசியம்மா உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பச்சை நூல் புடவை கட்டியிருந்தேன்.

முதல் கோயில் பூவத்துப் பக்கம். 8.40 இருக்கும். பிரகாரத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். என் கணவர் சுவரில் கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய வலப்பக்கத்தில், தோளோடு தோளாக, ஒரு பெண்.

மாம்பழ நிறப் புடவை. பூ வைக்காத கொண்டை. முதுகு மட்டும்தான் தெரிந்தது.

பஸ்ஸில் இவளைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. பின் சீட்டில் யார் வீட்டோடாவது வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டம் நகர்ந்த பிறகும் அவள் நகரவில்லை. அவரும் நகரவில்லை. அவர் ஏதோ சொன்னார். அவள் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டாள்.

அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் கேட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

10.20க்குத் திருவேட்டக்குடி. கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்று ஆளைத் தள்ளியது. எல்லாரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அல்லாடினோம். அவள் புடவை மட்டும் அசையவில்லை. ஒரு மடிப்புகூட ஆடவில்லை. அதைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும்; பயப்படவில்லை. 'எவ்வளவு பாந்தமாகக் கட்டியிருக்கிறாள், இதைப் பார்த்துத்தான் மயங்கிவிட்டார்' என்று வயிறு எரிந்தேன்.

அடுத்த கோயிலில் 12.40. உச்சி வெயில். கருங்கல் தளம் அடுப்பில் போட்ட தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. எல்லாரும் கயிற்றுப் பாயில் தாவித் தாவி ஓடினார்கள். அவர்கூட மண்டபத்து நிழலில் ஒதுங்கி நின்றுதான் பேசினார். அவள் வெறுங்காலோடு வெட்டவெளித் தளத்தில் நின்றாள். கால் மாற்றிக்கூட வைக்கவில்லை. 'அவர் பேச்சில் சூடுகூடத் தெரியவில்லை பார்' என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

காசியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "அவரோட நிக்கிறாளே, அது யாரு?" அவ்வளவுதான். அதைக் கேட்கக் கூசினேன். என் புருஷனைப் பற்றி நானே எப்படிக் கேட்பது? கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

1.15க்கு ஒரு தென்னந்தோப்பில் சாப்பாடு. கட்டுசாதம், கூட்டு, ரசம். அவர் இலையை எடுத்துக்கொண்டு தள்ளி ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தார். எதிரே அவள். அவள் முன்னால் இலை இல்லை. அவர் ஒரு வாய் சாப்பிடுவதும், கையை ஆட்டிப் பேசுவதுமாக இருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. ரச வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே அங்கே நடந்தேன். வழியில் வரப்பு தடுக்கியது. குனிந்து நிமிர்ந்தேன்.

அவள் இல்லை.

அவர் மட்டும் இருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். முகம் அப்படி ஒரு மலர்ச்சி.

"மிச்சத்த அப்புறம் சொல்றேன்" என்றார்.

"யாருக்கு?"

"ஒனக்குத்தான். வேற யாருக்கு?"

கூசாமல் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். ரசத்தை ஊற்றாமலே திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் அவர் பக்கம் திரும்பவில்லை. பின் சீட்டுப் பக்கமும் திரும்பவில்லை. அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்ப்பதுகூட எனக்குக் கேவலமாக இருந்தது.

கடைசிக் கோயில் போலகத்துக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். பூஜை நின்று எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கோபுரம் இல்லை. மண்டபத்தில் பாதி இடிந்து கிடந்தது. கரண்டு கிடையாது. வழியில் டயர் பஞ்சராகி நேரமாகிவிட்டதால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 5.50. கோயிலிலிருந்து நூறு அடி தள்ளி, வண்டிப்பாதை முடிகிற இடத்தில் பஸ் நின்றது.

"நீ வரல?" என்று கேட்டார்.

"கால் வலிக்குது. நீங்க போங்க. கேக்கறதுக்குத்தான் ஆளு இருக்காங்களே."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

6.20. இருட்டிக்கொண்டு வந்தது. ஜனங்கள் இரண்டு பேர், மூன்று பேராகத் திரும்பி வந்து ஏறினார்கள்.

6.30. காசியம்மா ஏறினார். "சார் எங்க?" என்று கேட்டேன். "பின்னாடியே வர்றேன்னாரும்மா" என்றார்.

6.34. பீர் மைதீன் ஹாரன் அடித்தார். பதில் இல்லை.

என்ஜினைப் போட்டு, ஹெட்லைட்டைக் கோயில் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். வெளிச்சம் இடிந்த வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே கறுப்பு.

நான் எழுந்தேன்.

"நான் போய்ப் பாக்குறேங்க" என்றார் பீர் மைதீன்.

"வேணாம். நானே போறேன்."

கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கினேன்.

அறுத்த வயல். வைக்கோல் வாடை. நெல் தாள் காலில் குத்தியது. வாசலைத் தாண்டினேன். மண்டபத்தில் வௌவால் நாற்றம். உள்ளே, கடைசித் தூண்களுக்கு அப்பால், டார்ச் வெளிச்சம் ஒரு சுவர்மேல் விழுந்திருந்தது.

அவர் குரல் கேட்டது.

"...இந்த எழுத்த வெட்டுனவன் பேரு எங்கயும் இல்ல. ஆனா கை ஒரே கைதான். பாத்தா தெரியுதா?"



அவர் சிரித்தார்.

"நீ இவ்வளவு கேப்பன்னு நான் நெனைக்கவே இல்ல."

ஒரு வளையல் சத்தம்... கிணிங்.

என் உடம்பு முழுக்கக் கொதித்தது. இரண்டு தூணைக் கடந்தேன். இருட்டில் அந்த மாம்பழ நிறம் மட்டும் தெரிந்தது. அவருக்கு வலப்பக்கத்தில். தோளோடு தோளாக.

மணி 6.41.

கூப்பிட்டேன்.

"என்னங்க..."

என் வாய் மூடவில்லை. அதற்குள் அவர் பக்கத்திலிருந்தும் குரல் வந்தது.

"என்னங்க..."

அதே இழுப்பு. அதே குரல்.

என் குரல்.

டார்ச் என் பக்கம் திரும்பியது. கண் கூசியது. வெளிச்சம் என் முகத்திலேயே நின்றது.



"அமுதம்..." என்றார். "நீ... அங்க எப்படிப் போன?"

டார்ச்சை மெதுவாகத் தன் வலப்பக்கம் திருப்பினார்.

அங்கே என்ன பார்த்தார் என்று இன்று வரை சொல்லவில்லை. டார்ச் கீழே விழுந்தது.

அணைந்தது.

இருட்டு.

மூச்சுச் சத்தம். அவருடையது. என்னுடையது.

இன்னொன்று.

நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். இழுத்தேன். ஓடினோம். ஹெட்லைட் கண்ணில் அடித்தது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. அவர் வலதுகை என் பிடியில் இருந்தது. அவரால் வேகமாக ஓட முடியவில்லை. யாரோ பின்னால் இழுப்பது போலத் தடுமாறித் தடுமாறி வந்தார். நான் விடவில்லை. உயிரே போனாலும் விடமாட்டேன் என்று பிடித்திருந்தேன்.

படியில் ஏறினோம். பீர் மைதீன் யாரையும் எண்ணவில்லை. எதுவும் கேட்கவில்லை. கதவைச் சாத்தி, பஸ்ஸை அப்படி ஒரு வேகத்தில் எடுத்தார். 6.48.

வீட்டுக்கு வந்து, விளக்கையெல்லாம் போட்டுவிட்டு உட்கார்ந்த பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"காலையிலேருந்து நீதான் என் பக்கத்துல இருந்த. பச்சைப் புடவையில. ஒவ்வொரு கோயில்லயும் கேள்வி கேட்ட. கல்யாணமானதுலேருந்து நீ அப்படிக் கேட்டதே இல்ல. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு, அமுதம்."

"நான் காசியம்மாகூட நின்னேங்க. மாம்பழக் கலர்ல ஒருத்திதான் ஒங்க பக்கத்துல..."

"அப்படி யாருமே நம்மகூட வரல."

இரண்டு பேரும் விடியும்வரை தூங்கவில்லை. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அவர் அதைச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. பொறாமைதான். ஏழு வருஷம் நான் கொடுக்காததை அது ஒரே பகலில் அவருக்குக் கொடுத்துவிட்டது. எதுவாக இருந்தால் என்ன, அவரைச் சிரிக்க வைத்தது அதுதான், நான் இல்லை.

அதற்குப் பிறகு நான் மாறினேன். அவர் பள்ளிக்கூடம் போனதும் அவருடைய நோட்டுகளை எடுத்துப் படித்தேன். ராத்திரி நானே கேட்டேன். எந்த ராஜா, எந்த வருஷம், எந்தக் கல். அவர் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னார். மெல்ல மெல்ல மறுபடியும் பேசத் தொடங்கினார். சில சமயம் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பார். "அன்னிக்கு இதத்தான் கேட்ட" என்பார். "அது நான் இல்லங்க" என்பேன். அவர் தலையாட்டுவார். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும்.

சுற்றுலா போவதை அவர் நிறுத்திவிட்டார்.

அக்டோபரில் ஒரு நாள் சாயங்காலம் மார்க்கெட்டில் பீர் மைதீனைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். நான் விடாமல் பின்னாலேயே போய்க் கூப்பிட்டேன். நின்றார். பஸ் வேலையை விட்டுவிட்டதாகவும், அடுத்த வாரம் சவூதிக்குப் போவதாகவும் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"ஏங்க என்னைக் கண்டா ஒதுங்குறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. வுட்டுடுங்க."

"அன்னிக்கு நீங்க எதாச்சும் பாத்தீங்களா?"

கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"லைட்டு வெளிச்சத்துல நல்லாத் தெரிஞ்சுச்சும்மா. மூணு பேரு ஓடி வந்தீங்க. சாரு நடுவுல. அந்தப் பக்கம் ஒரு கையப் புடிச்சுக்கிட்டு நீங்க. இந்தப் பக்கம் ஒரு கையப் புடிச்சுக்கிட்டு... நீங்கதாம்மா. அதே பச்சப் பொடவ. அதே மொகம்."

"அப்புறம்?" என்றேன்.

"ரெண்டு பேருல ஒருத்தவங்கதான் ஏறுனீங்க. நான் கதவச் சாத்திட்டேன். கண்ணாடியில பாத்தேன். இன்னொருத்தவங்க பஸ்ஸுக்குப் பின்னாடியே ஓடி வந்தாங்க. ரொம்பத் தூரம். 'என்னங்க, என்னங்க'ன்னு கூப்புட்டுக்கிட்டே, அழுதுக்கிட்டே..."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சரியான ஆளத்தான் ஏத்திக்கிட்டு வந்தேனான்னு எனக்குத் தெரியலம்மா. அல்லா என்ன மன்னிக்கணும்."

அதோடு போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. ஏறியது நான்தான். படியில் கால் வைத்தது, கம்பியைப் பிடித்தது, காசியம்மா நகர்ந்து இடம் விட்டது, எல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பீர் மைதீன் சொன்னதை என் கணவரிடம் மட்டும் நான் சொல்லவே இல்லை. சொன்னால் அவர் என்னை ஒரு தடவை உற்றுப் பார்ப்பார்.

பிறகு வாசல் கதவைப் பார்ப்பார்.