பியரும் கல்லும் ஒரு திறப்பும்

என் சிறுநீரகத்தில் கல் இருக்கிறதென்று ஸ்கான் பார்த்துச் சொன்ன அன்றைக்கே, வேலணையில் ஆளுக்கொரு வைத்தியம் முளைத்துவிட்டது. கீரையைத் தொடாதே என்றாள் அம்மா. தேத்தண்ணியை விடு என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. அண்ணையோ பேப்பரில் சுற்றிய இரண்டு பியர்ப் போத்தல்களோடு வந்து கதிரையில் இருந்தார்.

"இதைக் குடி. கல்லு தன்பாட்டிலை கரைஞ்சு போயிடும்."

"உங்களுக்கும் கல்லோ?"

"வராமல் இருக்கத்தானே நான் குடிக்கிறனான்."

அவருக்கு அது ஒரு சாட்டு. எனக்கோ உயிர் போகிற நோ. பொம்பிளைப் பிள்ளை குடிக்கிறதை ஊர் பார்க்கக்கூடாதென்று, குசினிக்குள் ஒளித்துக் குடிக்கச் சொன்னாள் அம்மா. ஏன் ஒளிக்கவேண்டும்? விறாந்தையில் இருந்து, தெரு பார்க்கவே குடித்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கசந்ததுதான் மிச்சம், கல் அசையவில்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் நேரே கேட்டேன். கல்லைக் கட்டுகிற உப்புக்கு ஒட்சலேற்று என்று பெயர் சொல்லித் தந்ததே அந்த டொக்டரம்மாதான்.

"பியரிலை ஒட்சலேற்று கூடவோ?"

"குறைவுதான். அதுக்காக அது மருந்தில்லை. உடம்பை வறட்டிப்போடும். நீங்கள் பகலிலை எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கள்?"

"குடிக்கிறேல்லை."

உண்மை அதுதான். காலையில் படகேறி நயினாதீவுக்கு வேலைக்குப் போனால், பின்னேரம் வீடு வரும்வரை ஒரு மிடறு இல்லை. அலுவலகத்தில் ஒரேயொரு மலசலகூடம். அதன் பூட்டுத் திறப்பு அதிகாரியின் மேசை லாச்சிக்குள். ஆண்களுக்கு முன்னால் போய் அதைக் கேட்க வெட்கப்பட்டே நாங்கள் பெண்கள் எல்லோரும் தொண்டை காய்ந்து கிடந்தோம்.

"இப்பிடியே விட்டால் அந்தச் சிறுநீரகம் பழுதாய்ப் போயிடும்" என்றார் டொக்டர்.

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. ஒரு பூட்டுக்காக நான் என் சிறுநீரகத்தைக் கொடுப்பதா?

மறுநாள் படகிலேயே பெரிய தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, எல்லோரும் பார்க்கப் பார்க்கக் குடித்தேன். அலுவலகத்தில் சனம் நிற்கும்போதே அதிகாரியின் மேசைக்குப் போனேன்.

"ஐயா, கக்கூஸ் திறப்பைத் தாங்கோ."

"மெதுவாய்க் கேளுமன், பிள்ளை. ஆக்கள் நிக்கினம்."

"நிக்கட்டும். அவையளும் போறவைதானே."

யாரோ சிரித்தார்கள். திறப்பு கைக்கு வந்தது.

கல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அது போகிறபோது போகட்டும். திறப்பை மட்டும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பெண்கள் இருக்கிற பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன். எங்கள் மேசைகளில் இப்போது தண்ணீர்ப் போத்தல்கள் நிற்கின்றன. அதிகாரிக்கு அவசரமென்றால் இனி அவர் எங்களிடம் வந்து கேட்கட்டும்.