அலுமாரிக்குள் ஒரு பல்பு

ஹட்டனில் பழைய சாமான் கடையொன்றில் மகள் புத்தக அலுமாரி பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவு போட்ட ஒன்றைத் திறந்தாள்.

"அலுமாரிக்குள்ள எதுக்கும்மா பல்பு மாட்டியிருக்காங்க?"

எனக்குத் தெரியும். அம்மா வேலை செய்த தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவிலும் அப்படித்தான். பனியில் புத்தகங்கள் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க, அலுமாரிக்குள் பகலெல்லாம் பல்பு எரியும். தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயத்தில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குதான். ஐந்தாம் வகுப்பில், மழையில் நனைந்த என் தமிழ்ப் புத்தகத்தை அந்தச் சூட்டில் காயவைத்தேன். துரையின் மனைவி, துரைசாணி, கவனிக்காமல் அலுமாரியைப் பூட்டிவிட்டார்.

"நான் கேட்டா வேல போயிரும். நீ கேளு புள்ள, கடிச்சா திங்கப் போறாங்க?" என்றார் அம்மா.

மூன்று நாள், அம்மா சமைக்கும் குசினி வாசலில் நின்றேன். வாய் வரவில்லை. புத்தகமில்லாமல் வாத்தியார் முன்னால் போய் நிற்கவும் வெட்கம். அத்தோடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது.

இதைச் சொன்னதும் மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களேம்மா!"

"குடுத்திருப்பாங்கதான்."

அலுமாரியின் தட்டைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்றிருந்தது. பெற்ற மகளிடம் கேட்கவும் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"இதையே எடு தாயி. இதுல ஒரு தட்டு எனக்குத் தருவியா?"