காசியம்மாள் வாங்கிய வெற்றிலை பாக்கு

மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் காசியம்மாளுக்கு இது பதினாறாவது வருஷம். தரம் பிரிக்கிற வேலை. பழம், செங்காய், பச்சை என்று மூன்று பெட்டிக்கும் கை தானாகப் போகும். கண்ணுக்கு வேலை குறைவு, வாய்க்கு நிறைய. மகள் வெண்மதி நல்ல மார்க் வாங்கினாலும் சொல்லுவாள், பாலைப் பொங்கவிட்டாலும் சொல்லுவாள். எதிரே உட்கார்ந்து பிரிக்கிற நஞ்சம்மாளுக்கு, வெண்மதி காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பதுகூடத் தெரியும்.

அப்படித்தான் ஒரு நாள், "எம்புள்ள பேண்டு ஆரம்பிச்சிருக்குது நஞ்சா" என்றாள்.

வெண்மதி பிளஸ் டூ படிக்கிறாள். போன வருஷம் முழுக்க ஒரு ஜப்பான்காரக் கார்ட்டூனைப் போனில் பார்த்தாள். பள்ளிக்கூடம் படிக்கிற பெண்கள் பாட்டுக் குழு ஆரம்பித்து, சண்டை போட்டுப் பிரிந்து, திரும்பச் சேர்ந்து வாசிக்கிற கதை. காசியம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே பார்த்தாள். "ஏண்டி, இதுங்களுக்கு வூடு வாசலே கெடையாதா? எந்நேரமும் கித்தாரும் கையுமா திரியுதுங்க" என்பாள். ஆனால் பிரிந்துபோன ஒருத்தி தனியாக நின்று பாடிய இடத்தில் பூண்டைக் கீழே வைத்துவிட்டாள்.

பிறகு வெண்மதி, பெரியப்பா மகன் தொடாமல் வைத்திருந்த கித்தாரைக் கேட்டு வாங்கி வந்தாள். கூடப் படிக்கிற எழிலரசி சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவள். இன்னொரு தோழி கலைச்செல்விக்கு டிரம்ஸ், பாதி நிஜ டிரம்ஸ், பாதி நீல பிளாஸ்டிக் பேரல். லீவு நாட்களில், ஏலம் முடிந்த மத்தியானத்தில் மண்டிக் கொட்டகையிலேயே பழகினார்கள். நாலு பாட்டு தேறியது. அதில் ஒன்று அவர்களே எழுதியது, டவுன் பஸ்ஸைத் தவறவிட்டதைப் பற்றி.

வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடுகிற நஞ்சம்மாள் இதை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவளுக்கு எட்டியது 'பேண்டு' என்ற ஒரு சொல்தான். அவள் மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். பாலக்கோட்டிலிருந்து அண்ணன் கிருஷ்ணப்பன் தாய்மாமன் சீர் கொண்டு வருகிறார். மாரியம்மன் கோயிலிலிருந்து வீடு வரைக்கும் சீர்த்தட்டு வாத்தியத்தோடு வர வேண்டும். ஒரு காலையில் வெற்றிலை பாக்கோடு வந்து காசியம்மாள் முன்னால் நீட்டினாள்.

"யக்கா, வெளியாளு எதுக்கு? உம்புள்ள பேண்டே வரட்டும்."

காசியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். மண்டியே பார்த்தது. வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டு வெண்மதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அவங்க கேக்கறது பேண்டு செட்டு. எங்களுது பேண்டு."

"ரெண்டுக்கும் என்னாடி வித்தியாசம்?"

"அவங்க நடந்துக்கிட்டே வாசிப்பாங்க. நாங்க கரண்டு இருந்தாத்தான் வாசிப்போம்."

காசியம்மாள் நாலு பேண்டு செட்டுக்குப் போன் போட்டாள். முகூர்த்த நாள், ஒருவரும் சும்மா இல்லை. நஞ்சம்மாளிடமே சொல்லிவிடலாம் என்று மறுநாள் வாயெடுத்தபோது அவள் முந்திக்கொண்டாள். "அண்ணன் மாமனார் வூட்டு ஜனமெல்லாம் வருதுக்கா. வாத்தியம் என் பொறுப்புன்னு சொல்லிட்டேன்." காசியம்மாள் வாயை மூடிக்கொண்டாள். தன்னைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் தாங்கிக்கொள்ளலாம். அந்த ஜனத்துக்கு முன்னால் நஞ்சம்மாள் தலைகுனிந்தால் பிறகு எந்த முகத்தோடு எதிரே உட்காருவது?

வழியும் அவளுக்கே தோன்றியது. "ஏண்டி, வண்டி நடந்தா நீங்க நடந்த மாதிரிதான?"

எழிலரசியின் அப்பா ஆரோக்கியராஜ் தக்காளி ஏற்றுகிற குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். வண்டியைக் கழுவி, காலிப் பெட்டிகளை மேடை மாதிரி கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டினார். ரேடியோ செட்டுக்காரர் ஸ்பீக்கரையும் ஜெனரேட்டரையும் ஏற்றினார்.

கோயில் வாசலில் சீர்த்தட்டுகளோடு நின்ற கூட்டத்துக்கு முன்னால் வண்டி வந்து நின்றது. கிருஷ்ணப்பனின் மாமனார் ஆண்டி எட்டிப் பார்த்தார்.

"பேண்டு எங்கம்மா? இது தக்காளி லோடாட்டம் இருக்குது?"

நஞ்சம்மாள் வண்டியைப் பார்த்தாள். மேலே நின்ற மூன்று பெண்களைப் பார்த்தாள். பிறகு காசியம்மாளைப் பார்த்தாள். 

"ஓசூரு, பெங்களூருல எல்லாம் இப்ப இந்த பேண்டுதானுங்க மாமா. நாந்தான் பாத்து சொல்லி வெச்சேன்" என்றாள் நஞ்சம்மாள். பெங்களூர் எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ஆரம்பம் சரியாக வரவில்லை. வெண்மதியின் விரல் வழுக்கியது. முதல் வேகத்தடையில் கீபோர்டு ஒயர் கழன்றது. கலைச்செல்வி மட்டும் நிறுத்தவில்லை. அவள் அடிக்கு, தட்டு ஏந்திய பெண்களின் கால் சேர்ந்துகொண்டது. அதைப் பார்த்து வெண்மதிக்குக் கை வந்தது. எழிலரசியும் ஒயரைச் செருகிவிட்டுச் சேர்ந்துகொண்டாள். நாலு பாட்டையும் இரண்டு தடவை வாசித்தார்கள். பஸ் பாட்டு மூன்றாம் தடவை வந்தபோது ஆண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஆட இறங்கிவிட்டார்.

பந்தியில் மூன்று பேருக்கும் நஞ்சம்மாளே இலை போட்டாள். வீடு திரும்பும்போது வெண்மதி அம்மாவின் தோளில் இடித்துக்கொண்டே நடந்தாள். "கார்ட்டூன்ல அவங்க மேடை ஏற பன்னெண்டு எபிசோடு ஆச்சும்மா. நீ ஒரே வெத்தலையில முடிச்சிட்ட."

திங்கட்கிழமை மண்டியில் முதல் பெட்டி பிரித்து முடிக்கிற வரைக்கும் காசியம்மாள் பேசவில்லை. அது அதிசயம்.

"நஞ்சா, அன்னிக்கி நீ அப்பிடி சொல்லலீன்னா நானு இன்னிக்கி இங்க ஒக்காந்திருக்க மாட்டேன்."

"ஏன், நின்னுக்கிட்டுப் பிரிப்பியா?"

"வெளையாடாத. நெசமா சொல்றேன்."

நஞ்சம்மாள் ஒரு செங்காயைத் திருப்பிப் பார்த்துப் பெட்டியில் வைத்தாள். "வண்டியப் பாத்ததும் ஓடிரலாமான்னு இருந்துச்சுக்கா. ஆனா மூணு புள்ளைங்களும் நான் என்ன சொல்லப்போறேன்னு என் வாயவே பாத்துக்கிட்டு நிக்குதுங்க. வேறென்னத்த சொல்றது?"

காசியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருப்ப நஞ்சா" என்றாள்.

"இருக்கட்டும். ஆண்டி மாமா கேக்கறாரு, மாசியில அவங்க ஊரு கோயில்ல வாசிக்கப் புள்ளைங்க வருவாங்களான்னு. வருவாங்களா?"

'வருவாங்க' என்று சொல்லக் காசியம்மாளின் வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"இரு, எம்புள்ளைய ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."