சாதிக் எடுத்த பெண் சிங்கம்

சிவகாசியில் கேமரா பிடிக்கிறவனுக்குக் கல்யாணம் சோறு போடும், ஆனால் பட்டாசுப் பெட்டியில் அவன் எடுத்த படம் வந்தால்தான் ஊர் அவனை மதிக்கும். கூட வேலை பார்ப்பவனின் படத்தைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் மேலே படிக்கலாம்.

கண்ணாடி ஷோகேஸ்

நானும் சாதிக்கும் ஒரே ஸ்டூடியோ. குஜராத்தில் கிர் காட்டுக்குப் போன சாதிக், ஜீப்பை உரசிக்கொண்டு போன ஒரு பெண் சிங்கத்தைப் படம் எடுத்து வந்தான். மீசை முடியைக் கூட எண்ணலாம். பாழாய்ப்போன படம் அவ்வளவு நன்றாக இருந்தது. முதலாளி ஷோகேஸிலிருந்த, நான் எடுத்த கல்யாணப் படங்களைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார்.

மறுவாரம் மல்லாங்கிணற்றிலிருந்து ஒருவர் பேத்தி காதுகுத்துக்கு ஆர்டர் கொடுக்க வந்தார். அவர் மகன் கல்யாணத்தை எடுத்தவனே நான்தான். எதிரில் நிற்கிற என்னைத் தாண்டி முதலாளியிடம் சொன்னார்: "சிங்கம் எடுத்த தம்பிய அனுப்புங்க. அவருக்குத் தோதுப்படுற தேதியில காதுகுத்த வச்சுக்கிருவோம்."

வேட்டைக் கதை

வருகிறவர்களுக்கெல்லாம் சாதிக் வேட்டைக் கதை சொல்வான். சிங்கத்தால் வெகுதூரம் ஓட முடியாதாம். அதனால் பெண் சிங்கங்கள் புல்லோடு புல்லாய்ப் பதுங்கி, கிட்டே போய்த்தான் பாயுமாம். ஒன்று விரட்ட, மான் தப்பிப்பதாய் நினைத்து இன்னொன்று படுத்திருக்கும் பக்கமே ஓடுமாம். பெரிய இரை விழுந்தால் ஆண் சிங்கம் வந்து முதலில் தின்ன உட்காருமாம். இதெல்லாம் எனக்கும் தெரியும். என்னிடம் யார் கேட்டார்கள்?

அச்சங்குளத்தில் சரவெடி பின்னும் ஒரு அக்கா, மகளைப் படம் எடுக்கக் கூட்டி வந்திருந்தார். எடுத்தது நான். அந்தப் பிள்ளை எல்லாப் படத்திலும் சாதிக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவும் அவனிடம்தான் பேசினார்: "எங்க வீட்டுலயும் அதே கததான் தம்பி. சரம் பின்னிட்டு வந்து சோறு பொங்குறது நானு, முதத் தட்டு அவுகளுக்கு."

லேபிள்

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு முதலாளி, புது வெடிக்குச் சிங்க லேபிள் வேண்டுமென்றார். நான் சும்மா இருப்பேனா? மிருகக்காட்சிசாலைக்கு ஓடி, கம்பிக்குப் பின்னால் கொட்டாவி விட்ட ஆண் சிங்கத்தை எடுத்து வந்தேன். சாதிக் படம், என் படம் இரண்டையும் வாங்கிக்கொண்டார். லேபிள் வரும்வரை எனக்குத் தூக்கமே இல்லை, சாதிக் தோற்க வேண்டுமென்று வேண்டாத சாமியில்லை.

அச்சாகி வந்த பெட்டியில் இருந்தது சாதிக்கின் பெண் சிங்கம். ஆனால் பிடரிமயிர் இல்லாத சிங்கத்தை யாரும் வாங்க மாட்டார்கள் என்று, என் சிங்கத்தின் பிடரிமயிரைக் கம்ப்யூட்டரில் வெட்டி அதன் தலையில் ஒட்டியிருந்தார்கள். சாதிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பட்டாசு முதலாளி ரொம்பப் பெருமையாகச் சொன்னார்: "மொகம் அவரோடது, முடி உங்களோடது. ரெண்டு பேருக்கும் மனசு கோணாம முடிச்சுட்டேன் பாத்தீகளா."

அந்தப் பெட்டியிலிருக்கும் சிங்கத்தின் முகத்தை இன்றைக்கு யார் பாராட்டினாலும், "முடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்காமல் என்னால் அந்த இடத்தைவிட்டு நகர முடிவதில்லை.