ஹாஜிரா அக்கா இழுக்காமல் விட்ட சீல்

யார்டு வாட்ஸ்அப் குழுவில் காலையில் அந்தச் செய்தி வந்தது. "ஹாஜிரா மேடம் காலமானார்" என்று ஒரே வரி. அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நான் நம்பவில்லை. அனுப்பியவருக்கு யார் சொன்னது, சொன்னவர் நேரில் பார்த்தாரா என்றெல்லாம் மனம் கேட்டது. அவரோடு வேலை செய்தவர்களுக்கு இந்தப் பழக்கம் தொற்றிக்கொள்ளும். அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். "இன்னாம்மா, நான் செத்துட்டேன்னு எவன் சொன்னான்?" என்று எடுத்த எடுப்பில் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தங்கை சபீராதான் எடுத்தார்.

நெஞ்சு வலிக்கிறது என்று தானே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஐம்பதைத் தொடாதவர். ஹாஜிரா அக்கா உயிரோடு இருந்திருந்தால் அந்த ஒரு சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

அவரை அறியாதவர்களுக்காக: திருவொற்றியூரில் நாங்கள் வேலை செய்யும் கன்டெய்னர் யார்டில் அவர் சர்வேயர். காலியாகத் திரும்பி வரும் பெட்டிகளில் ஓட்டை, நசுங்கல், துரு, வாடை உண்டா என்று பார்ப்பது அவர் வேலை. உள்ளே போய் நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொல்வார். அந்த இருட்டில் எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிகிறதா என்று சுற்றிச் சுற்றித் தேடுவார். வெயில் நாளில் அந்தப் பெட்டிக்குள் ஒரு நிமிடம் நிற்பதே கடினம். அவர் வியர்த்து வழிய வெளியே வந்து, "மேல மூலையில ஒண்ணு கீது. சின்னதுதான். ஆனா கீது" என்பார். ஓட்டை இல்லாத பெட்டியிலிருந்து வெளியே வரும்போது அவர் முகத்தில் ஏதோ ஓர் ஏமாற்றம் இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

நான் அதே யார்டில் சீல் கொடுக்கும் மேசையில் இருக்கிறேன். சீல் என்பது எண் அச்சிட்ட பிளாஸ்டிக் பட்டை. அதன் வாலைத் துளையில் விட்டு இழுத்தால் பூட்டிக்கொள்ளும். பிறகு வெட்டித்தான் எடுக்க முடியும். நான் கொடுக்கும் ஒவ்வொரு சீலையும் அக்கா தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வார். பூட்டிய பிறகு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். "என் மேல நம்பிக்கை இல்லையாக்கா?" என்று ஆரம்ப நாட்களில் கேட்டிருக்கிறேன். "உன் மேல இன்னா, என் மேலயே கெடையாது" என்றார்.

அவர் கைப்பையில் பேனா போன்ற ஒரு கருவி இருந்தது. தண்ணீரில் முக்கினால் அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். ஒருமுறை அலுவலக விருந்தில் அதை ரோஸ்மில்க்கில் முக்கினார். ஏதோ ஓர் எண் வந்தது. "பாத்தியா?" என்றார். எதைப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர் மட்டும் முழுக் கோப்பையையும் குடித்து முடித்தார்.

அந்தக் கருவி செடிகளுக்காக வாங்கியது. தண்டையார்பேட்டையில் அவர் குடியிருந்த கட்டடத்தின் மேல்தளத்தில் பாதி அவர் வீடு, மறுபாதி மொட்டைமாடி. அங்கே மண்ணில்லாமல், சத்து கலந்த தண்ணீரில் புதினாவும் கீரையும் வளர்த்தார். வெள்ளைக் குழாய்களில் வட்டத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் களிமண் உருண்டைகள் நிறைந்த வலைக்கிண்ணம், அதில் ஒரு செடி. டிரம்மிலிருந்து சிறிய மோட்டார் தண்ணீரைக் குழாய்களுக்கு அனுப்பும். அது வேர்களைத் தொட்டுக்கொண்டு ஓடி மறுபடி டிரம்முக்கே வந்துசேரும். எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன். மாடியின் கைப்பிடிச் சுவரில் விரலை ஓட்டி எனக்குக் காட்டினார். காற்றில் வந்து படிந்த சாம்பல் நிறத் தூள். "இது மேல இருந்து வருது. கீழ மண்ணுல இன்னா இன்னா ஊறிகினு கீதோ யாருக்குத் தெரியும்? நான் கலக்குன தண்ணி, எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் ஊரை நம்பவில்லை. ஊரும் அவரை நம்பவில்லை. மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருந்த வசந்தா அக்கா தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருப்பவர். "மண்ணே இல்லாம வளருதுன்னா அது செடியா, பேயா? அத துன்னுட்டு எனக்கு எதுனா ஆச்சுன்னா?" என்று அந்தப் புதினாவைத் தன் சட்னியில் சேர்க்க மறுத்துவிட்டார்.

சென்ற ஆண்டு வசந்தா அக்காவின் சமையலறைக் கூரை கசியத் தொடங்கியது. குழாய்த் துளைகள் வழியே தண்ணீர் பொங்கி மாடியில் தேங்கியிருந்தது. டிரம்மில் தண்ணீர் குறைந்துகொண்டே போனது. மோட்டார் நன்றாகத்தான் ஓடியது. யாரோ தண்ணீரை அடைக்கிறார்கள் என்று ஹாஜிரா அக்கா முடிவு செய்தார். வசந்தாவைத் தவிர வேறு யார்?

"ஏன், நானே என் தலையில தண்ணி ஊத்திக்கிறேனா?" என்று வசந்தா அக்கா மாடிப்படியிலிருந்து கேட்டார்.

"ஊத்திக்கினு வூட்டுக்காரர்கிட்ட என்னைப் போட்டுக்குடுப்ப."

கட்டடத்தின் சொந்தக்காரரான வீட்டுக்காரர் வந்து பார்த்தார். கசிவு நிற்காவிட்டால் வரும் ஞாயிற்றுக்கிழமை குழாய்களை மொத்தமாகக் கழற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாடி போனால் அக்காவுக்கு நம்பிச் சாப்பிட ஒரு பிடி கீரைகூட மிஞ்சாது.

யார்டு ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தை அவர் அப்போது செய்தார். ஒரு கம்பெனி மாதிரிக்கு அனுப்பியிருந்த சீல்களில் கொஞ்சம் என்னிடம் கேட்டு வாங்கிப் போய், குழாய்களின் மூடிகளுக்கும் டிரம்மின் மூடிக்கும் பூட்டினார். தினமும் எண்களைச் சரிபார்த்தார். ஒரு சீலும் உடையவில்லை. தண்ணீர் மட்டும் பொங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு மதியம் சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்தவர் டப்பாவைத் திறக்கவில்லை.

"மாதிரி சீல்தானே அது. அதே நம்பர்ல இன்னொண்ணு வந்துதா?"

"இல்லக்கா."

"மீதிய இன்னா பண்ண?"

"பெட்டியிலயே இருக்கு. ஏன்?"

"அன்னிக்கு நீ வசந்தா கடையில குந்திக்கினு இட்லி துன்னத பாத்தேன்."

அதே எண்ணில் இன்னொரு சீலை நான் வசந்தா அக்காவுக்குக் கொடுத்துவிட்டதாகச் சந்தேகப்படுகிறார். என்ன சொன்னாலும் அதையும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்வார் என்பது தெரிந்திருந்ததால் என் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன். பிறகு நாங்கள் வேறு வேறு மேசைகளில் சாப்பிட்டோம்.

அந்த ஞாயிறு காலையில் அவரே அழைத்தார். "கட்டர எடுத்துகினு வா. வசந்தாவயும் நிக்க சொல்லிக்கீறேன். வூட்டுக்காரர் வர்றதுக்குள்ள தொறந்து பாத்துடலாம்." எங்கள் தொழிலில் தகராறுள்ள பெட்டியின் சீலை இரு தரப்பும் பார்க்க வெட்டுவதுதான் வழக்கம். நான் எந்தத் தரப்பு என்று தெரியாமலே கட்டரோடு கிளம்பினேன்.

எண்ணைப் படித்தார், படத்தோடு ஒப்பிட்டார், "வெட்டு" என்றார். வெட்டினேன். மூடி சுலபத்தில் வரவில்லை. மூவரும் பிடித்துத் திருகியதும் கழன்றது. குழாய்க்குள் இருட்டே தெரியவில்லை. வாய்வரை வேர். புதினாவின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, குழாயின் உருண்டை வடிவத்திலேயே இறுகி, தண்ணீர் போக இடமில்லாமல் அடைத்திருந்தன. தினமும் எண்ணைப் பார்த்தவர், சீல் உடைந்துவிடும் என்பதற்காக உள்ளே பார்க்கவே இல்லை.

வசந்தா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இந்தா, புடிச்சுட்டோம் உன் திருடன. இப்ப இன்னா, ஸ்டேஷனுக்கு இட்டுனு போலாமா?"

ஹாஜிரா அக்கா குழாய் வாயில் விரலை வைத்து வேரை அழுத்திப் பார்த்தார். "உள்ள இவ்ளோ நடக்குது. எல ஒரு வார்த்த சொல்லல பாரு" என்றார். பழி இப்போது இலைக்குப் போயிற்று.

வீட்டுக்காரர் வரும் முன் செடிகளை இடம் மாற்ற வேண்டியிருந்தது. இழுத்தால் வேர் அறுந்துவிடும் என்று குழாயை நீளவாக்கில் அறுத்துத் திறந்தோம். வேர்த்திரளை ஒரு தொட்டித் தண்ணீரில் ஊறவிட்டு, சிக்கு எடுப்பதுபோல் விரல்களால் மெல்லப் பிரித்தோம். பழுப்பேறிக் குழகுழத்தவற்றை மட்டும் வெட்டச் சொன்னார். ஒவ்வொன்றையும் வெட்டும் முன் முகர்ந்தார். வலைக்கிண்ணத்தோடு பின்னியிருந்த வேரைப் பிரிக்காமல், கிண்ணத்தைத்தான் கத்தரித்தோம். பெயின்ட் பக்கெட்டுகளைக் கழுவி, மூடியில் பெரிய துளை போட்டு, பெரிய கிண்ணம் வைத்து, வேர்களைத் தொங்கவிட்டுச் சுற்றிலும் களிமண் உருண்டைகளை நிரப்பினோம். சத்துநீரைப் பாதியாக நீர்க்கக் கலந்தார். "இடம் மாறினதுக்கு முழுசா குடுத்தா தாங்காது." பிறகு வசந்தா அக்காவின் பழைய புடவை ஒன்றைப் பந்தலாகக் கட்டி வெயிலை மறைத்தோம். சில நாட்கள் இலைகள் துவண்டு கிடந்தன. அவர் அதையும் நம்பவில்லை. "நடிக்குது" என்றார். பிறகு தளிர் விட்டது.

கசிவு நின்றது. குழாய்களே இல்லாததால் வீட்டுக்காரரும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வசந்தா அக்கா ஒருநாள் அந்தப் புதினாவைச் சட்னியில் அரைத்து, யாரிடமும் சொல்லாமல் விற்றுவிட்டார். ஹாஜிரா அக்கா மறுபடி சாப்பாட்டுக்கு என் மேசைக்கு வந்தார். தப்பாக நினைத்துவிட்டேன் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. நான் கொடுத்த சீல்களைத் தொடர்ந்து படம் எடுத்தார். சத்து அடியில் தங்காமலிருக்க மோட்டாரை டிரம்முக்குள்ளேயே ஓடவிட்டு, அந்த டிரம்முக்கும் தொடர்ந்து சீல் போட்டார். என்மேல் இருந்த சந்தேகம் தீர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் மனம் வரவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறேன் என்று யோசிப்பார்.

அடக்கம் முடிந்த பிறகு ஒரு மாலை மாடிக்குப் போனேன். சபீராவும் வசந்தா அக்காவும் இருந்தார்கள். மாடிப்படியில் யாரோ, "அந்தச் செடித் தண்ணிதான் ஆளத் தின்னுருச்சு" என்று பேசிக்கொண்டு இறங்கினார்கள். நான் கைப்பிடிச் சுவரில் விரலை ஓட்டிப் பார்த்தேன். தூள் இருந்தது. அவர் இத்தனை வருடம் சுவாசித்தது எது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கும் தெரியாது. சந்தேகம் மட்டும் இருக்கிறது.

புதினா பக்கெட்டில் வேர் மறுபடி நிறைந்து மூடியையே மேலே தள்ளியிருந்தது. இதைவிடப் பெரிய தொட்டிக்கு மாற்றி, புதிய சத்துநீர் விட வேண்டும். அதற்கு டிரம்மைத் திறக்க வேண்டும். வசந்தா அக்கா கத்தரிக்கோல் தேடினார்.

"வேணாங்கா" என்றேன்.

டிரம் மூடியில் சீல் இருந்தது. வால் துளைக்குள் நுழைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். இழுத்துப் பூட்டவில்லை. விரலால் தள்ளினேன், கழன்று வந்துவிட்டது.

"நெஞ்சு வலியோட பொறப்பட்டவ. மறந்திருப்பா" என்றார் சபீரா.

வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, கேஸை அணைத்து, மோட்டாரை மட்டும் ஓடவிட்டுப் போனவர். ஒவ்வொரு சீலையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்த கை. அவரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அவர் மறந்துவிட்டார் என்பதை மட்டும் நான் நம்புவதாக இல்லை. செடியைப் பார்க்க வருபவர்கள் வெட்டாமல் திறக்கட்டும் என்றே விட்டிருக்கிறார்.

நாங்கள் வேரைப் பிரித்து, தொட்டி மாற்றி, பாதியாக நீர்க்கக் கலந்த தண்ணீரை விட்டோம். வசந்தா அக்கா அதே புடவையை மறுபடி கட்டினார். நான் டிரம்மை மூடி, சீலின் வாலைத் துளையில் விட்டேன். இழுக்கவில்லை.

போய் வாருங்கள் அக்கா. அங்கே வாசலில் யார் என்ன சொல்லி வரவேற்றாலும், ஒருமுறை சரிபார்த்துவிட்டே உள்ளே போங்கள்.